குளிரிலே பிறந்த பிளாஸ்மா

நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற விஞ்ஞான மாலையில் பழைய மாணவியர் இருவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



விஞ்ஞானத்தில் ஏதாவது ஒரு விடயத்தை எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லுங்கள் என்று சங்கம் எம்மைக் கேட்டுக்கொண்டது. எங்களில் ஒருவர் பௌதிகவியல் ஆசிரியை. மற்றவர் இரசாயனவியல் ஆசிரியை. இரண்டு பாடங்களும் சந்திக்கும் ஒரு பொருளைத் தேடினோம். கிடைத்தது மிகக் குளிர்ந்த மூலக்கூற்றுப் பிளாஸ்மா. இந்த ஆய்வைச் செய்பவர்கள் நாமல்லர். செய்பவர்களின் கட்டுரைகளை வாசித்து மாணவருக்கு விளங்கப்படுத்துபவர்கள். தலைப்பைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதில் வரும் பெரும்பாலான அடிப்படைகள் க.பொ.த. உயர்தரப் பாடத்தில் உள்ளவைதான். ஆனால் கடைசியில் வரும் கேள்விக்கு உலகில் எவரிடமும் இன்னமும் முடிந்த விடை இல்லை. அந்தக் கேள்விவரை உங்களைக் கூட்டிச் செல்வதே எமது எண்ணம்.

எமது கல்லூரி அன்னைக்கு நூறு வயது. பௌதிகவியலில் ‘பிளாஸ்மா’ என்ற பெயருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். 1928இல் அமெரிக்க விஞ்ஞானி ஏர்விங் லாங்மியூர் அந்தப் பெயரைச் சூட்டினார். திண்மம், திரவம், வாயு என்று நாம் படிக்கிறோம். வாயுவின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிட்டால் நேரேற்றம் கொண்ட அயன்களும் மறையேற்றம் கொண்ட இலத்திரன்களும் கலந்த ஒரு கூட்டம் உண்டாகும். அதுவே பிளாஸ்மா. மின்னல் பிளாஸ்மா. சூரியன் பிளாஸ்மா. வீட்டில் எரியும் ரியூப் லைற்றின் உள்ளேயும் பிளாஸ்மாதான்.

இவற்றையெல்லாம் பார்த்தால் பிளாஸ்மா என்றாலே வெப்பம் என்றுதான் எண்ணத் தோன்றும். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின். ரியூப் லைற்றைக் கையால் தொடலாம். ஆனால் உள்ளே ஓடும் இலத்திரன்களின் வெப்பநிலை 10,000 கெல்வினையும் தாண்டும். வாயு மிக ஐதாக இருப்பதால் அந்தச் சூடு கண்ணாடிக்கு வந்து சேர்வதில்லை. எவ்வளவு வெப்பநிலையில் எவ்வளவு அயனாகும் என்று கணிக்கும் சமன்பாட்டை 1920இல் தந்தவர் வங்காளத்து விஞ்ஞானி மேக்நாத் சாகா. அந்தச் சமன்பாட்டை எடுத்து நட்சத்திரங்களின் ஒளியைப் படித்தவர் ஒரு பெண், சிசிலியா பெய்ன். அக்காலத்தில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களைப் படிக்கவிட்டது, பட்டம் கொடுக்கவில்லை. ஆகவே அவர் அமெரிக்காவுக்குப் போனார். நட்சத்திரங்களில் மிகப் பெரும் பங்கு ஐதரசனும் ஈலியமுமே என்று 1925இல் தமது ஆய்வேட்டில் காட்டினார். மூத்த வானியலாளர் ஒருவர் அது சாத்தியமில்லை என்றார். சில வருடங்களில் பெய்ன் கண்டதே சரி என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார். எமது கல்லூரி தொடங்கிய காலத்தை ஒட்டி நடந்த கதை இது. பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சூடு இல்லாமல் பிளாஸ்மாவைப் படைக்க முடியுமா? முடியும் என்று 1999இல் அமெரிக்காவின் தேசிய நியமங்கள் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிலியனும் அவரது குழுவினரும் காட்டினர். செனன் அணுக்களை லேசரால் ஒரு கெல்வினின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குளிராக்கினார்கள். பிறகு இன்னொரு லேசரால் இலத்திரனைப் பிரித்தார்கள். அந்த லேசரின் நிறத்தைச் சரிபார்த்து, இலத்திரன் வெளியேறுவதற்குத் தேவையான சக்திக்கு மேல் மிகச் சிறிதளவே மிஞ்சும்படி கொடுத்தார்கள். அதிக வேகமில்லாமல் இலத்திரன் வெளியே வந்தது. குளிர்ந்த பிளாஸ்மா பிறந்தது.

ஆனால் அது குளிராகவே இருக்க மறுத்தது. ஏன் என்பதை எமது விளையாட்டு மைதானத்தை வைத்துச் சொல்கிறோம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் ட்ரில் பழகியது உங்களுக்கு நினைவிருக்கும். மைதானத்தில் பிள்ளைகள் கண்டபடி நிற்கும்போது ஆசிரியை திடீரென ‘கையை விரி’ என்று சொன்னால் என்ன நடக்கும்? நெருங்கி நின்றவர்களுக்கு அடிபடும். ஒருவரையொருவர் தள்ளுவார்கள். கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுவதும் குழப்பம். அணுக்கள் ஏற்றமில்லாமல் இருக்கும்வரை கண்டபடி நின்றாலும் பிரச்சினையில்லை. அயனான மறுகணமே ஒவ்வொன்றும் மற்றதைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுமுள்ளே வெப்பமாகிறது. மிகக் குளிராகத் தொடங்கிய அயன்களும் இப்படி ஒரு கெல்வின் அளவுக்கு ஏறிவிடுகின்றன. இதை ஒழுங்கின்மையால் வரும் வெப்பமேற்றம் என்பார்கள்.

ஒரு கெல்வின் என்பது எமக்குப் பெரிய சூடா என்று கேட்கலாம். இந்த ஆய்வாளர்களுக்கு அது பெரியது. அயன்கள் தம் வெப்ப ஓட்டத்தைவிட ஒன்றையொன்று தள்ளும் விசைக்கே அதிகம் கட்டுப்பட்டு நிற்கும் நிலையை அவர்கள் தேடுகிறார்கள். வலிய பிணைப்பு என்று அதற்குப் பெயர். வெண்குறளி எனப்படும் முதிர்ந்த நட்சத்திரங்களின் உட்பகுதி அப்படிப்பட்டது. அங்கே போய் ஆராய முடியாது. மேசைமேல் ஒரு வெற்றிடக் குழாயினுள் அந்த நிலையைக் கொண்டுவர வேண்டுமென்றால் வெப்பத்தை உள்ளே விடக்கூடாது.

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, குழப்பம் வந்த பிறகு அமைதிப்படுத்துவது. 2019இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில், முன்னே சொன்ன அதே கிலியனின் குழு, ஸ்ரொன்சியம் அயன்களைப் பிளாஸ்மாவினுள்ளேயே வைத்து லேசரால் குளிராக்கியது. ஒரு கெல்வினின் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு வெப்பநிலை இறங்கியது. இரண்டாவது வழி, கையை விரிக்கச் சொல்வதற்கு முன்னரே பிள்ளைகளை இடைவெளி விட்டு நிற்க வைப்பது. எமது இன்றைய கதை இந்த இரண்டாவது வழியைப் பற்றியது.

அதற்கு ரிட்பேர்க் வாயு வேண்டும். யொஹானஸ் ரிட்பேர்க் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அணுக்கள் தரும் ஒளிக்கோடுகளை ஒரே சூத்திரத்தில் அடக்கியவர். இலத்திரன் இருக்கும் சக்தி மட்டத்துக்கு முதன்மைச் சக்திச் சொட்டெண் என்று ஓர் எண் இருப்பது உயர்தர மாணவிகளுக்குத் தெரியும். வழமையாக நாம் 1, 2, 3 என்று பேசுவோம். லேசரைக் கொண்டு இலத்திரனை 50ஆவது மட்டத்துக்குத் தூக்கினால் அதுவே ரிட்பேர்க் நிலை. ஐதரசன் அணுவை எடுத்தால், 50ஆவது மட்டத்தில் அதன் ஆரை 2500 மடங்காகும். இலத்திரனைக் கருவோடு கட்டிவைத்திருக்கும் சக்தி 2500இல் ஒரு பங்காகக் குறையும். நீளக் கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டையை விட்டு வெகுதூரம் மேய்கிறது. கட்டவிழவில்லை. ஆனால் சின்னதொரு இழுவைக்கும் கயிறு அறுந்துவிடும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேர்ஜினியாவிலும் பிரான்சின் ஓர்சேயிலும் இருந்த ஆய்வாளர்கள் இணைந்து ஒரு செய்தியை வெளியிட்டனர். உருபீடியம், சீசியம் அணுக்களை ரிட்பேர்க் நிலையில் கூட்டமாக விட்டால், வேறெதுவும் செய்யாமலே அவை தாமாகப் பிளாஸ்மாவாக மாறிவிடுகின்றன. இரண்டு கன்றுகள் அருகருகே மேய்ந்து கயிறுகள் சிக்கினால் ஒன்று கட்டையை நோக்கி இழுபடும். மற்றதன் கயிறு அறும். அவ்வாறே ஓர் இலத்திரன் தாழ்ந்த மட்டத்துக்கு விழ, அது விட்ட சக்தியில் மற்ற இலத்திரன் வெளியேறுகிறது. வெளியேறியது அடுத்ததை மோதுகிறது. அது இன்னொன்றை. கிடுகு வேலியின் ஒரு மூலையில் பற்றிய நெருப்பு வேலி முழுவதும் ஓடுவது போல அயனாக்கம் பரவிவிடுகிறது.

இதுவரை சொன்னது அணுக்களைப் பற்றி. கனடாவின் வன்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எட்வேட் கிராண்டின் குழு அணுவை விட்டு மூலக்கூறை எடுத்தது. அவர்கள் தேர்ந்தது நைத்திரிக் ஒட்சைட்டு. ஒரு நைதரசன், ஒரு ஒட்சிசன். மின்னல் அடிக்கும்போது வானத்தில் உண்டாவது அது. எமது இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதும் அதுவே. அதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அணுக்களைப் போல இந்த மூலக்கூறை லேசரால் குளிராக்குவது இலகுவல்ல. அவர்கள் வேறு வழி கண்டார்கள். சைக்கிள் ரியூப்பின் வால்வைத் திறந்தால் வெளிவரும் காற்று குளிராக இருக்கும் அல்லவா? அதுபோல நைத்திரிக் ஒட்சைட்டைக் கொஞ்சமாக ஈலியத்தில் கலந்து, உயர் அமுக்கத்தில் சிறு துவாரத்தினூடாக வெற்றிடத்துக்குள் விடுகிறார்கள். வாயு செக்கனுக்கு ஒரு கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் பாய்கிறது. இவ்வளவு வேகம் எப்படிக் குளிராகும்? யாழ்தேவியில் இருப்பவர்களை வெளியிலிருந்து பார்த்தால் வேகமாகப் போகிறார்கள். உள்ளே அவரவர் ஆசனத்தில் அமைதியாக இருக்கிறார்கள். வெப்பநிலை என்பது மூலக்கூறுகளுக்கிடையே உள்ள வேக வித்தியாசத்தைப் பொறுத்தது. எல்லாம் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால் அந்தக் கூட்டத்தினுள்ளே ஒரு கெல்வினுக்கும் குறைந்த குளிர்தான்.

அந்தக் கூட்டத்தின்மேல் இரண்டு லேசர் துடிப்புகள் விழுகின்றன. முதலாவது 226 நனோமீற்றர் அலைநீளமுடையது. அது மூலக்கூறை ஓர் இடைநிலைக்கு ஏற்றும். இரண்டாவது அங்கிருந்து குறித்த ஒரு ரிட்பேர்க் மட்டத்துக்கு ஏற்றும். 2008இல் இந்த வாயுவும் பிளாஸ்மாவாக மாறியதை அவர்கள் அறிவித்தனர்.

இனித்தான் சிக்கல். அணுப் பிளாஸ்மாவில் இலத்திரனும் அயனும் திரும்பச் சேர்ந்தால் மீண்டும் அணுதான். அதைத் திரும்பவும் பிரிக்கலாம். நைத்திரிக் ஒட்சைட்டின் அயன் இலத்திரனோடு சேர்ந்தால் வெளிவரும் சக்தி மூலக்கூறையே உடைத்துவிடும். நைதரசன் ஒரு பக்கம், ஒட்சிசன் ஒரு பக்கம். போனது போனதுதான். வழமையான கணிப்பின்படி இந்தப் பிளாஸ்மா மிக விரைவில் சிதைந்து வெறும் அணுக்களாகிவிட வேண்டும். ஆனால் அது ஒரு மில்லி செக்கனுக்கும் மேலாக நின்று பிடிக்கிறது. ஒரு மில்லி செக்கன் எமக்குக் கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு. மோதல்கள் நனோ செக்கன் கணக்கில் நடக்கும் அந்த உலகத்தில் அது ஒரு யுகம்.

எப்படி நிற்கிறது? இங்கேதான் கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு வருகிறோம். இந்த ஆய்வில் கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் தொடக்கத்தைச் சரியாக அமைப்பது. இரண்டாவது லேசரின் நிறம் எந்த மட்டம் என்பதைத் தீர்மானிக்கிறது. அதாவது கயிற்றின் நீளத்தை. இரண்டு லேசர்களுக்கும் இடையே விடும் நேரம் எத்தனை மூலக்கூறுகள் என்பதைத் தீர்மானிக்கிறது. முதலாவது லேசர் ஏற்றிய மூலக்கூறுகள் இடைநிலையில் ஏறத்தாழ 200 நனோ செக்கன்தான் தங்கும். பிறகு கீழே விழுந்துவிடும். எவ்வளவு தாமதிக்கிறோமோ அவ்வளவு குறைவான மூலக்கூறுகளே இரண்டாவது லேசருக்கு எஞ்சும். காத்திருக்கும் நேரத்தைக் கொண்டே அடர்த்தியை அளந்து வைக்கிறார்கள்.

மிச்சத்தை மூலக்கூறுகளே செய்கின்றன. 2014இல் இந்தக் குழு விளக்கியதைச் சொல்கிறோம். கயிறு சிக்குவது மிக நெருங்கி நின்ற இரண்டுக்குத்தான். ஒன்று அயனாகிறது. கட்டையை நோக்கி இழுபட்டது உடைந்து, ஏற்றமில்லாத இரண்டு அணுக்களாக விலகிப் போகிறது. ஆகவே நெருக்கமாக நின்ற சோடிகள் இல்லாமற்போகின்றன. எஞ்சிய அயன்களில் பெரும்பாலானவை ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கின்றன. இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்று சொன்னோமே, அந்த ஒழுங்கை மூலக்கூறின் உடைவே தந்துவிடுகிறது. பலவீனம் என்று எண்ணிய ஒன்றே இங்கு உதவிக்கு வருகிறது.

பிறகு பிளாஸ்மா நடுவே பிரிந்து இரண்டு பகுதிகளாக மெல்ல விலகிச் செல்கிறது. உள்ளே இருந்த சக்தியின் ஒரு பகுதி இந்த ஓட்டமாக மாறிவிடுவதால் இலத்திரன்கள் குளிர்கின்றன. எஞ்சியது அசையாமல் உறைந்தது போல நிற்கிறது.

2018இல் ஜோன் சூஸ் என்ற ஆய்வாளரும் கிராண்டும் இதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். ஒரே மாமரக் கொப்பில் பல ஊஞ்சல்கள் கட்டியிருப்பதாக எண்ணிப் பாருங்கள். கயிறுகள் ஒரே நீளமானால் ஒன்றை ஆட்டினால் கொப்பினூடாக அடுத்ததும் மெல்ல ஆடத் தொடங்கும். நீளங்கள் வேறுவேறானால் ஒன்றின் ஆட்டம் மற்றதுக்குச் சரியாகப் போய்ச் சேராது. இந்தப் பிளாஸ்மாவில் ஒவ்வோர் இலத்திரனுக்கும் சுற்றுப்புறம் வேறு. ஒன்று விடும் சக்தியின் அளவு அடுத்தது ஏற்கும் அளவோடு பொருந்துவதில்லை. ஆகவே சக்தி கைமாறாமல் அங்கங்கே தேங்கிவிடுகிறது. தனியே ஓர் இலத்திரன் ஒழுங்கற்ற பொருளினுள் இப்படி அகப்படலாம் என்று 1958இலேயே பிலிப் அன்டர்சன் காட்டியிருந்தார். இங்கே அகப்படுவது ஒரு பெருங்கூட்டம்.

விளக்கம் சரியானால் அந்தப் பொருத்தமின்மையை நாம் கலைத்ததும் பிளாஸ்மா அழிய வேண்டும். 2020இல் அதைச் சோதித்தார்கள். 60 மெகாஹேட்ஸ் வானொலி அதிர்வெண்ணில், ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு வோல்ற்றுக்கும் குறைந்த மென்மையான மின்புலத்தைப் பிளாஸ்மாமீது விட்டார்கள். கைவிளக்கு பற்றரி ஒன்று தரும் அளவுகூட இல்லை. அதற்கே இலத்திரன்கள் விழித்து ஓடத் தொடங்கின, அயன்களோடு சேர்ந்தன, மூலக்கூறுகள் உடைந்தன. அடர்த்தி மாறியபோது இந்த விளைவும் மாறியது. ஆகவே இது தனித்தனி மூலக்கூறின் குணமல்ல, கூட்டத்தின் குணம் என்று அவர்கள் வாதிடுகிறார்கள். அதன் பின்னர் மில்லிமீற்றர் அலைகளைக் கொண்டு, பிளாஸ்மாவினுள் எஞ்சியிருக்கும் ரிட்பேர்க் மூலக்கூறுகளை ஒற்றர் போலப் பயன்படுத்தி, அக்கம்பக்கம் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்துள்ளது என்றும் அளந்திருக்கிறார்கள்.

விடயம் முடிந்துவிட்டதா? இல்லை. 2018ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘இருக்கக்கூடும்’ என்ற பொருள் தரும் சொல்லைத்தான் அவர்கள் இட்டார்கள். மூன்று பரிமாணத்தில், தூரத்திலிருந்தே இழுக்கும் மின்விசை உள்ள இடத்தில், இப்படியொரு தேக்கம் உண்மையில் நிலைக்குமா என்று கோட்பாட்டாளர் பலர் ஐயப்படுகிறார்கள். மிக மெதுவாக நடக்கும் சிதைவைத்தான் தேக்கம் என்கிறோமா? பரிசோதனை ஒரு பக்கம் நிற்கிறது. கோட்பாடு இன்னும் அதை முழுதாக எட்டவில்லை. தனித்து விடப்பட்ட எந்தப் பொருளும் காலப்போக்கில் சக்தியைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்பது வெப்பவியலின் அத்திவாரம். அதற்கு இயற்கையில் விலக்கு உண்டா என்பதே இங்கு பணயம் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி.

இதனால் என்ன பயன் என்று எமது மாணவிகள் கேட்பார்கள். பெற்றோர் இன்னும் உரக்கக் கேட்பார்கள். கடையில் வாங்கக்கூடிய எதுவும் இதிலிருந்து இன்று கிடைக்காது. ஆனால் ரிட்பேர்க் நிலையில் உள்ள அணுக்களைக் கொண்டு குவாண்டம் கணினிகளை அமைக்கும் முயற்சி பல நாடுகளில் நடக்கிறது. அங்கேயும் அடிப்படைக் கேள்வி இதுவே: பலவற்றைச் சேர்த்து வைத்தபின் அவை குழம்பாமல் எவ்வளவு நேரம் நிற்கும்?

பயனைவிட எமக்கு முக்கியமாகப்படுவது வேறு. பெண் பிள்ளைகள் விஞ்ஞானம் படித்தால் அது மருத்துவத்துக்கான படிக்கட்டு என்றே எமது வீடுகளில் எண்ணுகிறோம். மருத்துவம் உயர்ந்த தொழில். எமது சங்கத்தில் எத்தனையோ வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களால் நாம் பெருமையடைகிறோம். ஆனால் பௌதிகவியல் புத்தகம் பரீட்சையோடு மூடி வைக்கப்படும்போது, அது முடிந்துபோன பாடம் என்ற எண்ணமும் பிள்ளையின் மனதில் பதிந்துவிடுகிறது. அது முடிந்த பாடமல்ல. வன்கூவரில் ஒரு வெற்றிடக் குழாயினுள் ஒரு மில்லி செக்கன் நின்று பிடிக்கும் ஒன்றை விளக்க இன்றும் ஆள் தேவைப்படுகிறது. அதைச் செய்யத் தேவையான முதல் அறிவு, சக்திச் சொட்டெண்ணும் கூலோமின் விதியும், பக்கத்துக் கட்டடத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் தினமும் கற்பிக்கப்படுகிறது.

கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் கொழும்பிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்குக் கதிரையும் மேடைக்குத் திரையும் வாங்கித் தந்திருக்கிறீர்கள். நன்றி. இனிமேல் பௌதிகவியல் ஆய்வுகூடத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு நிறமாலைமானி, ஒரு வெற்றிடப் பம்பி, பாவிக்கப் பயப்படாத அளவுக்கு மேலதிகமாக ஒன்றிரண்டு உபகரணங்கள். உங்களில் பல்கலைக்கழகங்களில் பணிபுரிவோர் வருடத்தில் ஒருமுறை இணையவழியாக இந்தப் பிள்ளைகளோடு பேசுங்கள். விடை தெரிந்ததை மட்டுமல்ல, உங்கள் துறையில் விடை தெரியாததையும் சொல்லுங்கள்.

தங்கைகளே, வெளியில் எந்த அதிகாரமும் இல்லாத கட்டுப்பாடு ஒன்றை இன்று பார்த்தோம். கயிற்றின் நீளத்தை அளந்து, காத்திருக்கும் நேரத்தை அளந்து, தொடக்கத்தை ஒழுங்காக அமைத்துவிட்டு, மிச்சத்தை இயற்கையிடம் விட்டு, கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பது. நல்ல ஆசிரியைகள் எமக்குச் செய்ததும் ஏறத்தாழ அதுதான். அவர்களுக்கு எமது நன்றியைத் தெரிவித்து அமர்கிறோம்.